அத்தானும் ஐயாவும் ஒரே மேடையில்

அத்தான் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அக்கா சொன்னார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனிடம் கேட்கிறீர்களே என்றேன். "நடந்ததை எழுதன். அதுக்குப் படிப்பு வேணுமே?" என்றார். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

அத்தான் வேல்ஸில், நிலக்கரிச் சுரங்கத்தை நம்பியிருந்த ஒரு பள்ளத்தாக்கு ஊரில் பிறந்தவர். தகப்பனார் சுரங்கத் தொழிலாளி. கூடப் பிறந்தவர் ஒரு தமக்கை. வீட்டில் வேல்ஸ் மொழி, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பாட்டு. அந்தப் பாட்டுத்தான் அவருக்குக் குரலைக் கொடுத்தது. ஒரு வருடம் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தார். பிறகு, இந்த இருட்டுக்குள் என்னை யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டு லண்டனுக்குப் பஸ் ஏறினார்.

இங்கே சலவைக்கடையில் நின்றார், மதுக்கடையில் கிளாஸ் கழுவினார், தபால் பொதி ஏற்றினார். வேலை இருந்த நாட்களில் சாப்பிட்டார். நானும் நாலு நாடு அலைந்தவன் என்பதால் எங்கள் இருவருக்கும் பேச்சு நன்றாக ஒத்துப்போனது. இடையிடையே நாடகமும் தொலைக்காட்சியும் கிடைத்தன. பொலிஸ்காரர், தபால்காரர், பூசாரியைப் போலப் பேசும் திருடன், சில வேளைகளில் வெறும் பிணம். பிணமாகக் கிடந்துவிட்டு வரும் நாட்களில் தலை முழுகாமல் அக்கா அவருக்குச் சோறு போடமாட்டார். அத்தானும் மறுபேச்சில்லாமல் முழுகிவிட்டு வருவார்.

அக்கா தாதியாக இருந்த ஆஸ்பத்திரிக்கு, ஒத்திகையில் விழுந்து கை முறிந்து வந்தவர் அவர். கட்டு அவிழ்த்த பிறகும் வந்துகொண்டிருந்தார். எண்பதுகளின் நடுப்பகுதியில் பதிவுத் திருமணம் நடந்தது. எங்கள் தகப்பனார், ஐயா, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே ஒரு கடிதம் எழுதினார். வெள்ளைக்காரன் என்றாலும் பொறுக்கலாம், கூத்தாடிக்கா என் பிள்ளை என்று கேட்டிருந்தார். பிறகு கடிதம் இல்லை.

நாட்டு நிலைமை மோசமாகி ஐயாவும் லண்டன் வந்து சேர்ந்தார். நோர்பரியில் என்னுடைய அறையில்தான் இருந்தார். அக்காவின் வீடு ஸ்ட்ரெதமில், பஸ்ஸில் கொஞ்சத் தூரம். ஐயா அங்கே ஒரு நாளும் போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அக்கா என்னிடம் கறிகள் கொடுத்துவிடுவார். ஐயா சாப்பிடுவார், யார் சமைத்தது என்று கேட்கமாட்டார். ஐயா ஒரு தரமாவது என் வாசற்படி ஏற வேண்டும் என்பதைத் தவிர அக்கா அந்த வருடங்களில் வேறொன்றும் ஆசைப்படவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாடகத்தில் அத்தானுக்கு வேலை கிடைத்தது. முதன்மை நடிகருக்குக் காய்ச்சல், வருத்தம் ஏதும் வந்தால் அவருடைய இடத்தில் நடிப்பதற்காக, எல்லா வசனங்களையும் பாடமாக்கிக்கொண்டு காத்திருக்கும் வேலை. ஒரு சனிக்கிழமை அந்த நடிகருக்கு உண்மையிலேயே வருத்தம் வந்தது. மத்தியானக் காட்சியில் அத்தான் ஏற வேண்டும். நன்றாக அமைந்தால் மிச்ச வாரங்களும் அவருக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள்.

அக்கா டெலிபோன் எடுத்தார். "தம்பி, என்ன சொல்லியெண்டாலும் ஐயாவைக் கூட்டிக்கொண்டு வா."

நான் உள்ளதைச் சொன்னேன். ஐயா சால்வையை எடுத்து உதறினார். "டிக்கெட் வீணாப் போகுமெண்டால் வாறன்" என்றார்.

அக்காவும் ஐயாவும் நானும் முன்வரிசையில் இருந்தோம். நாடகம் முடிந்து உள்ளே போய்ப் போடுவதற்காக, டூட்டிங் தமிழ்க்கடையில் கட்டுவித்த மாலை ஒன்று என் மடியில் இருந்தது. சுரங்கம் இடிந்து, உள்ளே அகப்பட்ட மகனுக்காக வாசலில் காத்திருக்கும் தகப்பன் வேடம் அத்தானுக்கு. ஐயாவுக்கு ஆங்கிலம் சொற்பம். ஆனால் அத்தான் மூடிய கதவோடு பேசத் தொடங்கியபோது ஐயாவின் காலாட்டம் நின்றுவிட்டது. சற்று நேரத்தில் எழும்பினார். கழிவறைக்கு என்று நினைத்தேன். என் மடியிலிருந்த மாலையை எடுத்துக்கொண்டு படியேறி மேடைக்குப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். ஒருவர் நன்றாக நடித்தால் நாடகம் முடியும்வரை காத்திருக்கமாட்டார்கள், அந்த இடத்திலேயே ஏறி மாலை போடுவார்கள். லண்டனில் அப்படிச் செய்வதில்லை என்று சொல்லிவைக்க நான் மறந்துபோனேன். பிழை என்னுடையது.

அக்கா என் கையை நகம் பதியப் பிடித்தார். நாடகம் அந்த இடத்தில் குழம்பினால் வேடம் போய்விடும், ஐயாவும் அவமானப்பட்டுத் திரும்புவார்.

அத்தான் தலையைக் குனிந்து மாலையை வாங்கிக்கொண்டார். முகத்தில் அந்தத் தகப்பன் அப்படியே இருந்தான். அக்கா சொல்லிக்கொடுத்த தமிழில், மெதுவாக, "இருங்கோ மாமா" என்றார். ஒரு கதிரையை இழுத்து ஐயாவை இருத்தினார். பிறகு மிச்ச வசனம் முழுவதையும், கதவைப் பார்த்துச் சொல்லாமல் ஐயாவைப் பார்த்துச் சொன்னார். பார்த்தவர்களுக்கு, இன்னொரு மகனுக்காகக் காத்திருக்கும் இன்னொரு தகப்பன் போல இருந்தது. மகனின் உடலைக் கொண்டுவந்தபோது ஐயா எழும்பி அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டார். விளக்கு அணைந்தது. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

மேடைக்குப் பொறுப்பான அம்மா ஓடிவந்து, யார் இந்த மனிதர் என்று சத்தம் போட்டார். என் மாமனார், சம்பளம் கேட்கமாட்டார் என்றார் அத்தான். அந்த அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேடம் அத்தானிடமே நின்றது.

ஐயா அத்தானை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா நடிச்சனீர் தம்பி. ஆனா மகன் செத்ததுக்கு இன்னும் கொஞ்சம் அழுதிருக்கலாம்."

"ஓம் மாமா. இரவுக் காட்சியில அழுறன்."

அன்று ஐயா ஸ்ட்ரெதமில் பஸ்ஸை விட்டு இறங்கினார். என் அறைக்குத் தன்னுடைய உடுப்புகளை எடுக்க மட்டும்தான் வந்தார்.

அதற்குப் பிறகு அத்தானுக்கு நல்ல காலம். தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் கிராமத்து டாக்டராக வருடக்கணக்கில் வந்தார். பக்கத்துக் கோலியர்ஸ் வுட் கடைகளில் சனம் அவரிடம் முழங்கால் வலிக்கு மருந்து கேட்கும். அவரும் பொறுமையாக, நடக்கச் சொல்லுவார். நுரையீரல் வருத்தம் வந்த கடைசி மாதங்களிலும் கட்டிலில் இருந்தபடி வசனம் பாடமாக்கினார். எதிர்ப்பக்க வசனங்களை ஐயா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வாசித்தார். அதற்குத் தாதிமார் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டுதான் அத்தான் கண்ணயர்வார்.

அவரைப் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், நோர்பரியிலிருந்து சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், வேலையை விட்டு வந்து நின்ற நாடக நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வேல்ஸிலிருந்து செத்தவீட்டுக்கு வந்து, தேவாரம் முடிந்ததும் தங்கள் மொழியில் பாடி எங்களையும் அழவைத்த அவருடைய ஊரவர்களுக்கும் நன்றி. அவருடைய தமக்கை அன்று முழுவதும் ஐயாவுக்குப் பக்கத்திலேயே இருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் ஐயா அவரைக் காட்டி, "இவ என்ரை சம்பந்தி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மருமகனின் தமக்கை முறைப்படி சம்பந்தி ஆகமாட்டார். அதை ஐயாவிடம் சொல்ல எங்களில் ஒருவரும் போகவில்லை.