ஃபிரிட்ஜுக்கு ஒரு பூட்டு

"போதைப்பொருள் பழக்கம் உடையவர். வாகனம் இயக்கத் தகுதியற்றவர்." திண்டிவனம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் கோப்பில் வேணியைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறது. ஒலக்கூர்க்காரரான வேணிக்கு வயது நாற்பத்தாறு. ஆறு வருடமாக அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். டீ குடித்தாலே படபடவென்று வருகிறதென்று வெந்நீர் குடிப்பவர்.

ஒரு திங்கட்கிழமை திடீர்ச் சோதனை. நர்ஸ் அருணா சிறுநீரை இரண்டு பாட்டிலில் பிரித்தார். ஒன்றில் நனைத்த சோதனைப் பட்டை, போதை என்றது. மற்றதற்குச் சீல் வைத்து, வேணியின் கையெழுத்து வாங்கி, ஃபிரிட்ஜில் வைத்தார். அன்று மாலையே வேணி விழுப்புரத்தில் ஒரு லேபில் தானாகப் போய்ச் சோதித்துக்கொண்டார். போதை இல்லை என்று வந்தது. பணியாளர் அதிகாரி நெடுஞ்செழியன் மறுநாள் காலை இரண்டு தாளையும் பார்த்துவிட்டுத் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டார்.

"ஏம்மா, வெளிய குடுத்தது வேற யூரினு. செல்லாது. மரியாதையா வேலைய விட்டுப் போறேன்னு எழுதிக் குடுத்துடு."

சொன்னதில் பாதி சரி. அவர் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி, தகராறு வந்தால் சீல் வைத்த பாட்டிலைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற கம்பெனி விதி. படிக்காமல் கையெழுத்துப் போடும் நல்ல பழக்கம் வேணிக்கு இல்லை.

"அதே யூரினுதான வேணும்? ரெண்டாவது பாட்டிலு உள்ள வெச்சிக்கினு வேற எதுக்கு சார் பேச்சு? அனுப்புங்க."

"இன்னிக்கு ஃபிரிட்ஜக் கழுவறாங்க. பழசெல்லாம் குப்பைக்குப் போயிடும்."

"உங்க தயிர் டப்பா போவாது, எம் பாட்டிலு மட்டும் போயிடுமா?"

மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ் என்பதால் கதவில் கொண்டி உண்டு. பூட்டு மட்டும் இல்லை. வேணி உடை மாற்றும் அறையிலிருந்த தன் துணிப்பெட்டியின் பூட்டைக் கொண்டுவந்து மாட்டி, சாவியை இடுப்பில் செருகினார்.

"என்னா திமிரு! செக்யூரிட்டியக் கூப்புடறேன்."

"கூப்புடுங்க. என்னாத்துக்குப் பூட்டனேன்னு அவருக்கும் சொல்றேன்."

தன் தயிரும் உள்ளே மாட்டிக்கொண்டதால் மதியம் தயிரில்லாமல் சாப்பிட நேர்ந்த தொழிற்சாலை மேலாளருக்கு நீதியுணர்ச்சி பிறந்தது. வேணியின் முன்னால் ஃபிரிட்ஜைத் திறந்து, சீல் உடையாத பாட்டிலை அனுப்பினார்கள். பதில் வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

பதினோராம் நாள் பதில் வந்தது: போதைப்பொருள் இல்லை, சளி மாத்திரையால் பட்டை தவறாகக் காட்டியிருக்கிறது. மாத்திரை போட்டதை வேணி முதல் நாளே அருணாவிடம் சொல்லியிருந்தார். அதை எழுதப் படிவத்தில் இடமில்லை.

வேலை திரும்பக் கிடைத்தது. கூடவே, ஒழுங்கீனத்துக்கு விளக்கம் கேட்டு நெடுஞ்செழியனின் கடிதமும்.

வேணி செய்தது இவ்வளவுதான்: சளிக்கு நான்கு மாத்திரை விழுங்கினார், அரை நாள் ஒரு ஃபிரிட்ஜைப் பூட்டி வைத்தார்.