குணா அண்ணன் மறைத்த மூன்று மாதம்

கைப்பேசித் திரையில் "குணா அண்ணன்" என்று வந்ததால், எடுத்தவுடன், "என்ன தவுக்கே, இன்னும் பசியாறலயா?" என்றுதான் என் பழைய முதலாளியைக் கிண்டலாகக் கேட்டேன். மறுபக்கம் பேசியது அவர் மனைவி சரோஜா அண்ணி. "மாணிக்கம், அவரு போயிட்டாருய்யா" என்றார். காலையில் தேத்தண்ணீர் கேட்டிருக்கிறார். அண்ணி கலக்கிக்கொண்டு வருவதற்குள் நாற்காலியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நான் வேனைச் சாலையோரம் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். சாவுச் செய்தி சொல்ல வந்தவரிடம் கிண்டல் பேசியவன் நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

குணா அண்ணனின் சமையற்கூடத்தில் வேலை செய்த உங்கள் எல்லாருக்காகவும் இதை எழுதுகிறேன். எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. பள்ளியில் என் கட்டுரைகளில் என் நீல மையைவிட வாத்தியாரின் சிவப்பு மைதான் அதிகம். ஆனாலும் எழுதியாக வேண்டும். அவர்மேல் உங்களுக்கு ஒரு கோபம் இருக்கிறது. ஆறு வருடமாக அது தவறான வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்கிறது.

நாங்கள் இருவரும் கோலா சாவா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஒரு தொழிற்சாலை உணவகத்தில் பல வருடம் சமைத்துவிட்டு, அம்பாங்கானில் தன் வீட்டு அடுப்பிலேயே தொழிலைத் தொடங்கினார். முதல் நாள் நாற்பது பொட்டலம். அண்ணி சமைத்தார், அவர் கட்டினார், நான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனேன். முதல் வாரமே குழம்பு கொட்டி ஒரு காவல்காரரின் சட்டையை மஞ்சளாக்கினேன். அந்தக் காவல்காரர் ருசி பார்த்துவிட்டு மறுநாளே வாடிக்கையாளர் ஆனார். "நம்ம கம்பெனிக்கு மொத வெளம்பரம் நீதான்டா" என்று குணா அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

மூன்றே வருடத்தில் ஐந்து தொழிற்சாலைகள், ஆறு வேன், நாற்பதுக்கும் மேல் ஆட்கள். எனக்கு "செயல்பாட்டு மேலாளர்" என்று பெயர் அட்டை அடித்துக் கொடுத்தார். வீட்டில் பெருமையாகக் காட்டினேன். மகள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, அப்ப வேன் யாரு ஓட்டுவா?" என்றாள். "மேலாளர்தான்" என்றேன்.

தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, பெரட்டு, அதைக் குணா அண்ணன் அம்பாங்கானுக்குக் கொண்டுவந்தார். தினமும் காலை சமையற்கூட வாசலில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். ஆளாளுக்கு "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். படித்த பிள்ளைகள் சிரித்தார்கள். கைரேகை இயந்திரம் வாங்கலாம் என்றேன் நான். "மெசினுக்கு ஆளு வந்தது தெரியும். வந்த ஆளு அழுதுட்டு வந்திருக்கான்னு தெரியுமா?" என்றார். கூப்பிடும்போது முகத்தைப் பார்ப்பார். முகம் சரியில்லை என்றால் அன்றைக்கு அந்த ஆளுக்கு அடுப்பு வேலை கிடையாது, காய் நறுக்கும் வேலைதான்.

மிகப் பெரிய வாடிக்கையாளர் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. எங்கள் சாப்பாட்டில் பாதிக்கு மேல் அங்கேதான் போனது. அதற்காகவே ரந்தாவில் இரண்டாவது சமையற்கூடம் திறந்தார். அதன்பின் ஒருநாள் அங்கே, ஒருநாள் இங்கே என்று அலைந்தார். அவருக்கென்று மாடியில் கண்ணாடி அறை கட்டினோம். அங்கே அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைக் கீழேயிருந்து பார்ப்பேன். ஒருமுறை சொன்னார்: "நாப்பது பொட்டலம் போட்டப்ப ஓயாம பேசிக்கிட்டே சமச்சோம். இப்ப நா படியில எறங்கினாலே எல்லாரும் பேச்ச நிறுத்துறாங்கடா." அதற்கு நான் சொன்ன பதில்: "பெரிய ஆளாயிட்டீங்கல்ல, அப்படித்தாண்ணே." ஆறுதல் சொல்வதில் நான் அப்படி.

ஒரு நாள் அந்தத் தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டார்கள். நான்தான் அண்ணனை வேனில் அழைத்துப்போனேன். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து ஏறினார். மூன்று மாதத்தில் தொழிற்சாலையை வேறு நாட்டுக்கு மாற்றுகிறார்களாம். நான் வேனைக் கிளப்பவில்லை. அவரும் கிளப்பச் சொல்லவில்லை.

"நாளைக்குப் பெரட்டுல சொல்லிடுறேன்" என்றார்.

"வேணாண்ணே. சொன்னா மறுநாளே பாதி பேரு வேற வேலைக்குப் போயிருவாங்க. சோறு நின்னா மத்த நாலு கம்பெனியும் கழண்டுக்கும். மூணு மாசத்துல புது கம்பெனி புடிச்சிருவோம் லா. ஏன் வீணா பயமுறுத்தணும்?"

"அவுங்க வயித்துப் பொழப்புடா."

"அதுக்காகத்தான் சொல்றேன்."

மேலாளராகி நான் எடுத்த முதல் பெரிய முடிவு அது. எவ்வளவு அழகாகப் பேசினோம் என்று அன்று மாலை எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. மறுநாள் அவர் பெயர்களைக் கூப்பிட்டார். வேறெதுவும் சொல்லவில்லை.

அந்த மூன்று மாதமும் புது வாடிக்கையாளரைத் தேடி நாங்கள் ஏறாத படி இல்லை. மாதிரிச் சாப்பாட்டை எல்லாரும் நன்றாகத்தான் சாப்பிட்டார்கள். "கடிதம் அனுப்புகிறோம்" என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அஞ்சலை அக்கா வந்து கேட்டது. அக்காவைத் தெரியாதவர்கள் உங்களில் கிடையாது. குழம்பு அண்டாக்கள் எல்லாம் அவர் பொறுப்பு. கணவர் இல்லாமல் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். சி ரூசாவில் ஒரு விடுதிச் சமையலறையில் நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பெரட்டு முடிந்து எல்லாரும் உள்ளே போனபின் நின்று அண்ணனிடம் கேட்டார். "தம்பி, ஒங்க வாயால சொல்லுங்க. போவட்டுமா, இருக்கட்டுமா? நீங்க இருன்னா இருக்கேன்."

குணா அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பக்கத்திலிருந்த வெங்காய மூட்டையைப் பார்த்தேன். அந்த மூட்டையில் என்ன எழுதியிருந்தது என்று இன்றும் சொல்வேன், அவ்வளவு கவனமாகப் பார்த்தேன்.

"இருங்கக்கா" என்றார்.

மூன்றாம் மாதக் கடைசியில், வேறு வழியில்லாமல், எல்லாரையும் நிறுத்திச் சொன்னார். ரந்தாவ் கூடம் மூடப்படும், அம்பாங்கானில் பத்துப் பேருக்குத்தான் வேலை என்று. யாரும் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். அஞ்சலை அக்கா மட்டும் முன்னால் வந்தார். சி ரூசா வேலைக்கு அதற்குள் வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். "மூணு மாசமா தெனம் எம்பேர கூப்புட்டீங்களே தம்பி. ஒரு நாளாச்சும் சொல்லக்கூடாதா? நா அப்பவே போயிருப்பேனே" என்றார். குணா அண்ணன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் நாலடி தூரத்தில் நின்றேன். இந்த முறை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

மீதியிருந்த பத்துப் பேரும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். இப்படி மறைக்கிறவரை எப்படி நம்புவது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆள் ஓடுவார்கள் என்று பயந்து நான் சொன்ன யோசனைதான் கடைசி ஆளையும் ஓட்டியது. அவர் வேன்களை விற்று எல்லாருக்கும் சம்பளம் கொடுத்தார். வாடகை வீட்டுக்குப் போனார். அதன்பின் அந்த வீட்டுக்கு யாரும் வரவில்லை. நானும் முதலில் வாராவாரம் போனேன், பிறகு மாதம் ஒருமுறை, பிறகு திருநாளுக்குத் திருநாள். வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டேன். ஒரு வேனை ஓட்டுகிறவனுக்கு அப்படி என்ன வேலை?

போன தீபாவளிக்குத்தான் துணிந்து கேட்டேன். "அண்ணே, அது என் யோசனைன்னு அஞ்சலக்காகிட்ட சொல்லிடட்டா?"

"தவுக்கே யாரு, நீயா நானா?"

"நீங்கதாண்ணே."

"பெறகென்ன? போயி முறுக்கு எடுத்துட்டு வா."

நான் போய் முறுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். அந்த வேலைக்கு நான் சரியான ஆள்.

சாவு வீட்டில் நாற்காலிகள் நிறையப் போட்டிருந்தோம். வந்தவர்கள் பத்திருபது பேர். மகள் என் காதருகே வந்து, "அப்பா, அவ்ளோ பேரு அங்கிள்கிட்ட வேல செஞ்சாங்களே, எங்க?" என்று கேட்டாள். "ரோட்டுல ஜாம்மா" என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாலை நெரிசலாம். அவள் போய்க் காலி நாற்காலிகளில் பின்வரிசையை மட்டும் மடக்கி வைத்தாள், அண்ணி கண்ணில் படாமலிருக்க.

உங்கள் முதலாளி உங்களை ஏமாற்ற நினைத்தவர் அல்லர். சொல்லத்தான் இருந்தார். தடுத்தவன் நான். "இருங்கக்கா" என்று அவர் சொன்னபோது, வாய் திறக்க எனக்கும் ஒரு சந்தர்ப்பம் இருந்தது. ஆறு வருடம் நீங்கள் அவரைப் பேசியதையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டார். ஒருமுறைகூட என் பெயரை வெளியே விடவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அவர் காத்த அந்த ரகசியம்தான். நான் பத்திரமாக வைத்திருக்கக் கூடிய பொருள் அது இல்லை என்பதால் உங்கள்முன் வைக்கிறேன்.

அஞ்சலை அக்கா, வரும் சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறேன். எழுதியதை நேரிலும் சொல்ல வேண்டும். கதவைத் திறக்காவிட்டால் வெளியே நின்றே சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்கட்டும்.