ஒரே கரண்டு

சாத்தூரில் நான் வேலை பார்த்த அச்சகத்தைப் பெருக்க, அச்சங்குளத்திலிருந்து ஒரு பெண்மணி வருவார். ஒல்லியான உடம்பு, வேகமான நடை. ஆளில்லாத அறையில் லைட்டோ ஃபேனோ ஓடினால் உடனே அணைத்துவிடுவார்.

ஒருநாள், வெளியூர் வியாபாரிகளுக்காக முன்கூட்டியே போட்டிருந்த ஏசியையும் அணைத்துவிட்டார். மேனேஜர் எல்லோர் முன்னாலும் திட்டினார்.

"ஆளு வந்ததும் போட்டுக்கிடுங்க சார்," என்றார் அவர் நிதானமாக. "சாயங்காலமானா எங்க ஊர்ல லோ வோல்டேஜு. எங்கம்மாவுக்கு மூச்சுக்கு வைக்கிற மெஷினு ஓட மாட்டேங்குது. அங்கனயும் இங்கனயும் வாரது ஒரே கரண்டுதான?"

மேனேஜர் திரும்ப ஏசியைப் போடவில்லை.

ஓரிடத்தில் மிச்சமாகும் மின்சாரம் அப்படி நேராக இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று சாயங்காலம் வீட்டில் தண்ணீர் மோட்டார் போடப் போனவன், காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன்.