பிரேயரில் கேட்க வேண்டிய மன்னிப்பு

அக்டோபர் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். இட்லி மாவு ஒருவருக்குத்தான் வரும் என்று தெரிந்ததால் உப்புமா கிளறினேன். கணவருக்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை என் டப்பாவில் அடைத்துக்கொண்டு மந்தாரக்குப்பத்தில் பேருந்து ஏறினேன். முதல் ஷிப்டுக்குச் சுரங்கம் போகிறவர்கள் எல்லாரும் போய்விட்ட பிறகு வரும் பேருந்து என்பதால் உட்கார இடம் கிடைக்கும். அன்றும் கிடைத்தது. இரவு மழை பெய்திருந்தது. நகரியத்துக்குள் நுழைந்ததும் சாலையோர மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. மடியில் ஒன்பதாம் வகுப்பு கணக்கு விடைத்தாள்கள். நனையாமல் இருக்கப் பாலிதீன் பையில் போட்டுக் கட்டியிருந்தேன்.

பள்ளியில் ஒப்பந்த ஆசிரியர்களான எங்களுக்கு வருகைப் பதிவேடு தனி. நிரந்தர ஆசிரியர்களுடையது தலைமையாசிரியை மேசை மேல் இருக்கும். எங்களுடையது அலுவலக உதவியாளரின் ஜன்னலோரம் இருக்கும். நான் கணக்கு ஆசிரியை, ஒப்பந்தத்தில். ஜூனில் எடுத்துக்கொண்டு ஏப்ரல் கடைசியில் விடுவார்கள். மே மாதம் நான் ஆசிரியை இல்லை. ஜூனில் தொலைபேசி வந்தால் மறுபடி ஆசிரியை. பதினோரு வருடமாகத் தொலைபேசி வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் மே மாதத்தில் அது அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுக்கிறேன்.

வேலை ஒன்றேதான். அதே பாடம், அதே வகுப்பு, அதே சாக்பீஸ். யாராவது விடுப்பு எடுத்தால் அந்த வகுப்பும் எங்கள் தலையில்தான் வந்து விழும். வித்தியாசங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. சம்பளம் அவர்களுடையதில் எந்த மூலைக்கு என்று கேட்டால் நாங்களே சிரித்துவிடுவோம். காய்ச்சல் வந்தால் சுரங்க நிர்வாகத்தின் மருத்துவமனைச் சீட்டு கிடையாது. குவார்ட்டர்ஸ் கிடையாது. ஒப்பந்த ஆசிரியர் வகுப்பாசிரியராக இருக்க முடியாது. அதனால் ஒரு மாணவியைப் பற்றி நான் புகார் சொல்ல வேண்டுமென்றால் அந்த வகுப்பின் ஆசிரியையிடம் சொல்ல வேண்டும். அவர் தலைமையாசிரியையிடம் சொல்வார். எழுதி வைத்த விதியா என்று யாரும் பார்த்ததில்லை. அப்படித்தான் நடக்கிறது.

இதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி அப்படி நினைத்திருக்கக் கூடாது. எதிர்வீட்டு அப்பா சுரங்கத்தில் பர்மனன்ட்டா, கான்ட்ராக்டா என்பது மூன்றாம் வகுப்பிலேயே தெரிந்துவிடும் ஊர் இது. பெண் பார்க்க வருகிறவர்கள் காபியைக் கையில் வாங்குவதற்கு முன்னால் அதைத்தான் கேட்கிறார்கள்.

மூன்றாம் பீரியட் ஒன்பது ‘பி’. விடைத்தாள் கொடுத்தேன். விடைத்தாள் கொடுக்கும் நாளில் வகுப்பு சந்தைக்கடை ஆவது எதிர்பார்த்ததுதான். கடைசி பெஞ்சில் ஒரு பெண், கூட்டத்தில் எந்தக் குரலையும் தாண்டிக் கேட்கும் குரல் அவளுக்கு. மோசமான மார்க் இல்லை, சொல்லப்போனால் நன்றாகவே போட்டிருந்தாள். தன் தாளைப் பார்த்து முடித்துவிட்டு மற்றவர்களின் தாளைத் திருத்த ஆரம்பித்திருந்தாள். இரண்டு முறை உட்காரச் சொன்னேன். மூன்றாவது முறை, “இனிமே வாயைத் திறந்தா ஹெச்.எம். கிட்ட எழுதிக் குடுத்துருவேன்” என்றேன்.

அவள் எழுந்து நின்றாள். கிண்டலாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கரும்பலகையில் நான் ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டால் எப்படிச் சொல்வாளோ, அதே தொனியில் சொன்னாள்.

“நீங்க எழுதிக் குடுக்க முடியாது மிஸ். நீங்க கான்ட்ராக்ட்தான? கிளாஸ் மிஸ் வழியாத்தான் போவணும்.”

வகுப்பு வெடித்தது. “ஏய், மிஸ்ஸுகிட்டயே கேட் பாஸ் கேக்குறாடி!” என்றது ஒரு குரல். சுரங்க வாசலில் கான்ட்ராக்ட் ஆட்களிடம் கேட்பது அது. அதற்கும் சிரிப்பு. அவள் சொன்னதில் தப்பு எங்கே என்று மனம் வரிவரியாகத் தேடியது, விடைத்தாள் திருத்துகிற பழக்கத்தில்.

அதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் வாசலில், பக்கத்து வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த தமிழாசிரியை. ஒன்பது ‘பி’க்கு வகுப்பாசிரியை அவர்தான், நிரந்தரம். நின்றார், அவ்வளவுதான். நான் தொண்டை வற்றக் கத்தியும் கிடைக்காதது அவர் நின்றதும் கிடைத்தது.

“இங்க வாடி” என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். என்னிடம், “நீங்க பாடத்தை நடத்துங்க டீச்சர். இதை இப்படியே விட்டா நாளைக்கு ஒவ்வொருத்தியும் சொல்லுவா. அப்புறம் நீங்க எப்படி கிளாஸ் எடுக்கறது?” என்றார். என் மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு முடிவைச் சொன்னார். நாளைக் காலை பிரேயரில், எல்லார் முன்னாலும், ஆசிரியையை கான்ட்ராக்ட் என்று சொன்னது தவறு என்று அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும். மாட்டேன் என்றால் ஒரு வாரம் வீட்டில் இருக்க வேண்டும். அப்பாவுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று.

“இவ்வளவு தூரம் வேணுமா மேடம்?” என்றேன்.

“உங்களுக்காகத்தான் பண்றேன். அடிக்கக் கூடாது, சரி. திட்டக் கூடாது, அதுவும் சரி. மரியாதைன்னு ஒண்ணு இருக்கே, அதையும் விட்டுட்டா நமக்கு வேற என்ன இருக்கு?”

அவர் சொன்னது பொய்யில்லை.

அவள் அப்பா மூன்று மணி வாக்கில் தலைமையாசிரியை அறைக்கு வந்தார். வளையமாதேவிப் பக்கம் சொந்த ஊர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் விழும் மண்ணையும் நிலக்கரியையும் அள்ளும் வேலை, கான்ட்ராக்டில். முதல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்ச் செய்தி கேட்டு, முகம்கூடக் கழுவாமல் திரும்பி வந்திருந்தார். ஷூவில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்துவிட்டு வாசலிலேயே கழற்றி வைத்தார். உட்காரச் சொன்னதற்கு, “இருக்கட்டுங்க மேடம், துணி அழுக்கு” என்று நின்றார். மகள் சுவரோரம் நின்றாள். நான் ஜன்னலோரம் நின்றேன். தமிழாசிரியை மேசைக்குப் பக்கத்தில் இருந்தார்.

“இன்னாடி சொன்ன டீச்சர?”

“கான்ட்ராக்ட்னு சொன்னம்பா.”

“அப்புறம்?”

“அவ்ளோதான்.”

அவர் இன்னும் ஏதோ வரும் என்பதுபோல மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலைமையாசிரியையிடம் திரும்பினார்.

“அவ்ளோதானுங்களா மேடம்? டீச்சர அசிங்கமா பேசிட்டான்னு வூட்ல சொன்னாங்க. நான் இன்னாமோ ஏதோன்னு வழியெல்லாம் திட்டிக்கினே வந்தேன்.”

“அசிங்கமாத்தான் பேசியிருக்கா. ஒரு டீச்சரைப் பார்த்து, கிளாஸ்ல வச்சு...”

“டீச்சர் கான்ட்ராக்ட் இல்லீங்களா அப்ப?”

“கான்ட்ராக்ட்தான். அதுக்காக அதைச் சொல்லிக் காட்டறதா?”

அவர் குரல் உயரவில்லை.

“கிளாஸ்ல எதுத்துப் பேசுனா தப்புதாங்க. அதுக்கு நீங்க முட்டி போட வச்சாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன். ஆனா கான்ட்ராக்ட்னு சொன்னது தப்புன்னு பிரேயர்ல சொல்லச் சொல்றீங்க. அங்க நிக்கிற புள்ளைங்க பாதி எங்காளுங்க புள்ளைங்க மேடம். அதுங்க வூட்டுக்கு வந்து, அப்பா, உன்ன கான்ட்ராக்ட்னு சொல்றாங்களே, அது கெட்ட வார்த்தையாமேன்னு கேக்கும். நாங்க இன்னா சொல்லட்டும்?”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“டீச்சருக்கு எத்தினி வருசம் ஆவுது?”

“பதினொண்ணு.”

“எனக்குப் பதினாலு.” முகத்தில் சட்டென்று ஒரு சிரிப்பு. “அப்ப நான்தான் சீனியர்.”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். “இது யூனியன் ஆபீஸ் இல்லை” என்றார் தலைமையாசிரியை.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நான் குறுக்க நிக்க வரல. இவ சொன்னது இந்த டீச்சர. டீச்சர் கேக்கச் சொன்னா கேப்பா.”

“நான் கேக்க மாட்டேன்பா” என்றாள் அந்தப் பெண் சுவரோரத்திலிருந்து.

“டீச்சர் சொன்னா கேப்ப. வாய மூடு.”

ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வராந்தா கடக்கும்வரை வெறும் காலில் நடந்து போனார். தலைமையாசிரியை என்னைப் பார்த்து, “யோசிச்சிட்டுக் காலைல சொல்லுங்க. நீங்க வேண்டாம்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா அப்புறம் கிளாஸ்ல எவ எதிர்த்துப் பேசினாலும் என்கிட்ட வராதீங்க” என்றார்.

திரும்பும் பேருந்தில் இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். அந்தப் பெண் சொன்னதில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, நான் கான்ட்ராக்ட் என்பது. அது என்னைச் சுடவில்லை. அதைவிட மோசமாக ஆசிரியர் அறையிலேயே கேட்டிருக்கிறேன், சிரித்த முகத்தோடு சொன்னவர்களிடம். சுட்டது மற்றது: உங்களால் எழுதிக் கொடுக்க முடியாது என்பது. அதற்கு அவளை மன்னிப்புக் கேட்கச் சொல்வதில் அர்த்தம் இல்லை, அந்த ஏற்பாட்டை அவள் செய்யவில்லை. பிரேயரில் கேட்கச் சொன்னதோ கான்ட்ராக்ட் என்றதற்கு. அவள் கேட்டுவிட்டால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். வகுப்பு அடங்கும், ஒரு வாரமோ இரண்டு வாரமோ. அடங்குவது எனக்காக இல்லை, தலைமையாசிரியைக்காக. அதோடு, நான் என்ன வேலையில் இருக்கிறேன் என்பதைச் சத்தமாகச் சொல்லக் கூடாது என்று பள்ளிக்கூடமே சேர்ந்து ஒப்புக்கொண்டதாக ஆகும். ஒரு வியாதியைச் சொல்லாமல் இருப்பதுபோல.

இன்னொரு பக்கமும் இருந்தது. தலைமையாசிரியை சொல்லி நான் மறுத்தது இதுவரை ஒன்றும் இல்லை. விடுமுறை நாளில் சிறப்பு வகுப்பு, ஆண்டு விழாவுக்கு மேடை அலங்காரம், எதையும் மறுத்ததில்லை. ஜூனில் யாரைத் திரும்பக் கூப்பிடலாம் என்று மேலே எழுதி அனுப்புகிறவர் அவர். என் கணவருக்கு பஜாரில் ஒரு செராக்ஸ் கடை. எல்லாருடைய வீட்டிலும் பிரின்டர் வந்துவிட்ட காலம். அன்று இரவு துணி மடித்துக்கொண்டே அவரிடம் நடந்ததையும், மன்னிப்பு வேண்டாம் என்று தோன்றுவதையும் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

“நீ சொல்றது நியாயந்தான். ஜூன்ல போன் வரலைன்னா?”

“தெரியலை.”

“சரி” என்றார். ஒரு துண்டை எடுத்து அவரும் மடிக்க ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை காலை, கையெழுத்துப் போடுவதற்கும் முன்னால், தோளில் பையோடு தலைமையாசிரியை அறைக்குப் போனேன்.

“பிரேயர்ல மன்னிப்பு வேண்டாம் மேடம்.”

“அப்ப அவ பண்ணினது சரியா?”

“கிளாஸ்ல பேசினது தப்பு. அதுக்கு நான் பார்த்துக்கறேன்.”

“எப்படிப் பார்த்துப்பீங்க?”

பேருந்தில் வரும்போது இதற்கு ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் “பார்த்துக்கறேன் மேடம்” என்றுதான் மறுபடி சொன்னேன். அப்புறம், “முடியலைன்னா உங்ககிட்ட நேரா வரேன். தமிழ் டீச்சர் வழியா வர மாட்டேன்” என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். கோபமா, யோசனையா, எனக்குப் பிடிபடவில்லை. “பெல் அடிக்கப் போகுது, போங்க” என்றார்.

பிரேயரில் அந்தப் பெண் வரிசையில் மூன்றாவதாக நின்றாள். இரட்டைச் சடையை வழக்கத்தைவிட இறுக்கிக் கட்டியிருந்தாள். அம்மா கட்டிவிட்டிருக்க வேண்டும். எந்த நிமிடமும் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உறுதிமொழி, செய்தி வாசிப்பு, நாட்டுப்பண். கூப்பிடவில்லை. வரிசை கலைந்தபோது அவள் மட்டும் நின்ற இடத்தில் நின்றாள். பின்னால் வந்தவள் முதுகில் தள்ளிய பிறகுதான் நகர்ந்தாள்.

முதல் பீரியட் ஒன்பது ‘பி’. நான் உள்ளே போனபோது சத்தம் இருந்தது. வணக்கம் சொல்லி முடித்த பிறகும் இருந்தது. மேசை மேல் பையை வைத்துவிட்டுக் கடைசி பெஞ்சைப் பார்த்தேன்.

“புத்தகப் பையை எடுத்துக்கிட்டு முதல் பெஞ்சுக்கு வா.”

அவள் எழுந்தாள். “ஏன் மிஸ்?”

“கிளாஸ்ல பேசினதுக்கு. அரையாண்டு வரைக்கும் இங்கதான்.”

“ஹெச்.எம். சொன்னாங்களா மிஸ்?”

வகுப்பு காதைத் தீட்டிக்கொண்டது.

“இல்லை. நான் சொல்றேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பிறகு பையில் நோட்டுகளை ஒவ்வொன்றாகத் திணிக்க ஆரம்பித்தாள், வேண்டுமென்றே மெதுவாக. நான் சாக்பீஸை எடுக்கவில்லை. அவள் நடந்து வந்து உட்காரும்வரை நின்றுகொண்டிருந்தேன்.