இடியனும் தோட்டாத் துவக்கும்

மிளகுக் கொடியில் ஏணி சாய்த்து ஏறிய என் கணவர் சறுக்கி விழுந்து வலது தோள்பட்டையை முறித்துக்கொண்டார். எலும்பு பொருந்தியது. ஆனால் கை நெஞ்சுக்கு மேல் எழவில்லை. இனி இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மழைக்காலத்தில்தான் காட்டுப்பன்றிகள் எங்கள் மரவள்ளிக்குள் இறங்கின.

மலைநாட்டில் கலகெதர ஊருக்கு மேலே சரிவான காணி எங்களுடையது. நானும் அவரும் தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். சொந்தமாக மண் என்று எங்கள் இரு குடும்பத்திலும் முதலில் வாங்கியது நாங்கள்தான். காலையில் பஸ் ஏறிப் போய் டவுனில் ஒரு மருந்துக் கடையில் நான் வேலை செய்தேன். அவர் காணியைப் பார்த்துக்கொண்டார். பன்றி வந்தால் விரட்ட லைசன்ஸோடு ஒரு துவக்கு, பழைய காலத்துத் துப்பாக்கி, வைத்திருந்தார். குழல் வாய் வழியாக வெடிமருந்தைப் போட்டு, கம்பியால் இடித்து, ஒரு வெடிதான் வைக்கலாம். இடித்து நிரப்புவதால் அதற்கு இடியன் என்று பெயர். மறுபடி வெடி வைக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

பழைய சேலைகளை வேலியில் கட்டினோம். டின் தட்டினோம். பன்றிகள் இரண்டு நாள் தள்ளி நின்றுவிட்டு மூன்றாம் நாள் அந்தச் சேலைக்குக் கீழேயே நுழைந்தன. காலையில் போய்ப் பார்த்தால் முழுப் பாத்தியும் உழுத மாதிரி கிடந்தது. கிழங்கைத் தின்றது பாதி, மிதித்தது பாதி.

"தொவக்க எனக்குச் சொல்லித் தாங்க," என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒனக்கா?"

"வேற யாருக்கு?"

லைசன்ஸை என் பெயருக்கு மாற்றுவதற்குள் கால் தேய்ந்தது. கிராம சேவகரிடம், பொலிஸில், மாவட்ட அலுவலகமான கச்சேரியில் என்று லீவு போட்டுப் போட்டு அலைந்தேன். கச்சேரியில் இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டுப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று வாசலை எட்டிப் பார்த்தார். "மிஸ், வீட்ல ஆம்பளைங்க இல்லையா?" என்று கேட்டார். "இருக்காரு. அவருக்குக் கை ஏலாது. எனக்கு ஏலும்," என்றேன். அவர் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார்.

லைசன்ஸ் வந்த பிறகுதான் வீட்டுக்குள் சண்டை ஆரம்பித்தது. என் கணவர் வெடிமருந்தை மாட்டுக் கொம்பில் வைத்திருந்தார். உள்ளங்கையில் கொட்டிக் கண்ணால் அளப்பார். எனக்கு அது பிடிக்கவில்லை. நாள் முழுக்க மருந்து அளந்து கொடுக்கிறவள் நான். கண் அளவை நான் நம்புவதில்லை.

"இத்தன வருசம் இப்படித்தான் வச்சேன். எனக்கு என்னா ஆச்சு?" என்றார்.

"ஒன்னும் ஆகல. அதுக்காக நானும் அப்படியே செய்யணுமா?"

முதல் தடவை அவர் சொன்னபடியே செய்தேன். கொம்பிலிருந்து மருந்து, மேலே தேங்காய் நார்த் தும்பு, இடி, பிறகு ஈயச் சன்னம், மறுபடி தும்பு, மறுபடி இடி. கடைசியில் நெருப்புப் பொறி தரும் சின்னக் கேப்பு ஒன்றை மாட்டி, அதைத் தட்டும் குதிரையைப் பின்னுக்கு இழுத்தேன். கறள் பிடித்த பிஸ்கட் டின் ஒன்றை வரம்பில் வைத்திருந்தோம். விசையை அழுத்தினேன். கேப்பு மட்டும் 'டிக்' என்றது. குழலைக் கீழே இறக்கப் போனேன்.

"எறக்காத! அப்படியே புடி!" என்று கத்தினார்.

பிடித்துக்கொண்டு நின்றேன். தாமதித்துக்கூட வெடிக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் போதும் என்று சொல்லும்வரை அந்த டின்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அது வெடிக்கவில்லை. குழலில் இருந்ததை அவர் சொன்னபடி கிண்டி வெளியே எடுத்தேன். கொம்புக்குள் மருந்து ஈரம் பிடித்திருந்தது.

மறுநாள் கடையிலிருந்து வெறும் மாத்திரைப் போத்தல்களைக் கேட்டு வாங்கி வந்தேன். உள்ளே ஈரம் உறிஞ்சும் சின்னப் பையும் இருக்கும். ஒரு வெடிக்கு வேண்டிய புது வெடிமருந்தை அளந்து, போத்தலுக்கு ஒன்றாக நிரப்பினேன். சன்னத்துக்கும் அப்படியே. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த முறை வெடி வெடித்தது, டின் வரம்பிலிருந்து பறந்தது, தோள் இரண்டு நாள் வலித்தது. என் மூக்குக்கண்ணாடியை மாற்றி எடுத்த பிறகு குறியும் ஓரளவு பிடிபட்டது.

இந்தச் சமயத்தில்தான் என் கொழுந்தன் வந்தார். கணவருக்கு ஒரே தம்பி. பிலிமத்தலாவையில் மோட்டார் சைக்கிள் பாட்ஸ் கடை வைத்திருக்கிறார். தன் மனைவி வழிக் காணிக்காகத் தோட்டா போடும் துவக்கு எடுத்திருந்தார். நடுவில் மடித்துத் தோட்டாவைச் செருகி மூடினால் போதும், மூச்சு விடுவதற்குள் அடுத்த வெடி தயார். நெற்றியில் கட்டும் லைட்டும் கொண்டுவந்திருந்தார். என் போத்தல்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"அண்ணி, பன்னிக்கு வேளைக்கு ஒரு போத்தலா? சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?"

"நீங்க சிரிங்க தம்பி. சுடும்போது பாப்போம்."

அன்று அந்தியில் இருவரும் போய் வாழைப் புதரோரம் உட்கார்ந்தோம். கீழே பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. இருட்டத் தொடங்கிய நேரம் மரவள்ளிக்குள் சருகு அசைந்தது. கொழுந்தன் நெற்றி லைட்டைப் போட்டார். இரண்டு கண்கள் மினுங்கின. அவர் துவக்கைத் தூக்கிவிட்டார்.

"பொறுங்க," என்றேன்.

கண்கள் பன்றிக்கு இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை. கழுத்தை நீட்டி நின்றது. பிறகு தலையைத் திருப்பியபோது குட்டையான கொம்பு தெரிந்தது. குரைக்கிற சிறு மான். நாங்கள் கேளை என்போம். அதைச் சுடுவது குற்றம். எங்கள் மரவள்ளியில் ஒரு கிழங்கைக்கூட அது தோண்டியதில்லை.

"மான் தம்பி. எறக்குங்க."

"தெரியுது. நல்ல எறச்சி அண்ணி. யாரு பாக்கப் போறா?"

அவர் விசையில் விரல் வைப்பதைப் பார்த்தேன். பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. கையை நீட்டிக் குழலை மேலே தள்ளினேன். வெடி பலா மரத்துக்குள் போனது. இலைகள் எங்கள் மேலேயே கொட்டின. கேளை ஒரு தடவை குரைத்துவிட்டுக் காட்டுக்குள் பாய்ந்தது.

"பைத்தியமா ஒங்களுக்கு? கை போயிருக்கும்!"

"போயிருந்தாலும் பரவால்ல. இது என் காணி. இங்க பன்னிய மட்டுந்தான் சுடுவோம்."

அவர் வீட்டுக்குள் வராமலே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நடந்ததைக் கணவரிடம் சொன்னேன். தம்பியைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, "இடியன் வச்சிருக்கவன் இப்படி அவசரப்பட மாட்டான். ஒரு வெடிதானே. பாத்துத்தான் வைப்பான்," என்றார். அன்று எனக்கும் அது சரியென்றே பட்டது.

பன்றிகள் வருவதை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. வேலைக்குப் போகுமுன் விடியலில் குடையோடும் துவக்கோடும் போய் உட்கார்வேன். பல நாள் ஒன்றும் வராது. அட்டைக்கு உப்புத் தடவிய கால்களோடு ஓடிப்போய் பஸ் பிடிப்பேன். கடையில் நின்றபடியே தூங்கி வழிந்தேன்.

ஒரு காலை, பனி விலகும் நேரம், பெரிய பன்றி ஒன்று தனியாக வந்தது. பாத்தியைக் கிண்டத் தொடங்கியது. பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்து விசையை அழுத்தினேன். புகை முன்னால் திரையாக நின்றது. புகைக்கு அப்பால் அது அலறிய சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. விழுந்தது, எழுந்தது, பின்னங்காலை இழுத்துக்கொண்டு வாழைக்குள் புகுந்தது.

மறுபடி நிரப்ப வேண்டும். போத்தலைத் திறந்து மருந்தைக் கொட்டினேன். தும்பு, இடி, சன்னம், தும்பு, இடி. கம்பியை உருவும்போது கை வழுக்கியது. கேப்பு ஒன்று புல்லுக்குள் விழுந்து தொலைந்தது. அடுத்ததை எடுத்தேன். அவ்வளவு நேரமும் அது கத்திக்கொண்டே இருந்தது. ஓடிவிடலாம் என்று தோன்றியது. அதை அந்த நிலையில் விட்டுவிட்டு எப்படிப் போவது? கிட்டப் போய் இரண்டாவது வெடியை வைத்தேன். சத்தம் நின்றது. வரம்பில் உட்கார்ந்து வாந்தியெடுத்தேன்.

கணவர் மூச்சிரைக்க ஏறி வந்தார். பன்றியைப் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரி," என்றார்.

"வேணாங்க," என்றேன். "இந்தத் தொவக்கு இனி வேணாம். தோட்டா போடுறது எடுக்கப் போறேன்."

அவருக்கு விளங்கவில்லை. "அதான் சுட்டுட்டியே!"

"சுட்டேன். அது செத்துப்போக எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கேட்டீங்களா? நான் இடிச்சுக்கிட்டு இருந்தேன், அது கத்திக்கிட்டு இருந்துச்சு. தம்பியோட தொவக்கா இருந்தா ஒடனே முடிஞ்சிருக்கும்."

"அவன் அவசரக்காரன். நீயே பாத்த."

"அவசரப்பட்டது அவருங்க, தொவக்கு இல்ல. நான் பாத்துத்தான் சுடுவேன். எதக் குடுத்தாலும் பாத்துத்தான் சுடுவேன்."

மறுபடி அதே வாசல்கள், அதே வரிசைகள், அதே லீவு. புதிய லைசன்ஸ் கிடைக்க வேண்டுமென்றால் இடியனை ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று கணவர் வெறும் மருந்துக் கொம்பை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். சோற்றைப் போட்டுக் கொடுத்தேன், சாப்பிட்டார், எழுந்து போனார். நான் சமாதானம் சொல்லப் போகவில்லை. சொல்லியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும்.

என்ன துவக்கு வாங்கலாம் என்று கேட்கக் கொழுந்தனுக்கு நானே போனில் கோல் எடுத்தேன். எவ்வளவு பாரம் தூக்குவேன் என்று கேட்டார். பிறகு, "சனிக்கிழமை வாங்க அண்ணி, பாரம் கொறஞ்சதாப் பாப்போம்," என்றார். மானைப் பற்றி இருவரும் பேசவில்லை.

புதுத் துவக்கு வந்து இரண்டாவது வருடம் நடக்கிறது. நெற்றி லைட்டை மட்டும் நான் வாங்கவில்லை. வெளிச்சம் வந்த பிறகுதான் சுடுகிறேன். அதனால் தப்பிப் போகும் பன்றிகள் அதிகம். போகட்டும். மேல் பாத்தியில் இந்த முறை மரவள்ளியோடு வத்தாளை என்கிற சர்க்கரைவள்ளிக் கிழங்கும் போட்டிருக்கிறேன். அது பன்றிக்கு இன்னும் பிடிக்கும் என்று கணவர் தடுத்தார். எனக்கும் பிடிக்கும் என்று சொல்லிவிட்டுக் கொடியை நட்டேன்.