பென்டிரைவில் மட்டும் வந்த மெயில்

இது ராத்திரி நடந்ததல்ல. பட்டப்பகல், மணி 2.40. அதனால்தான் யாராவது தூக்கக் கலக்கம், கனவு என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. இதைப் படித்துவிட்டு முதலாளி என்னை வேலையை விட்டுத் தூக்கினாலும் சரி. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நான் பாலு. ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறேன். அதைப் பார்த்துப் பக்கத்து அறைத் தறியில் இராஜமாணிக்கம் அண்ணன் நெய்வார். ஒருமுறை எங்கள் டிசைன் ஒன்று வெளியே போய், நாங்கள் நெய்து முடிப்பதற்குள் வேறொரு கடையில் தொங்கியது. அன்றே முதலாளி சுப்பராயலு என் கம்ப்யூட்டரில் இருந்த பிரவுசரை எடுத்துவிட்டார்.

"இதுல நெட்டு தொட்டன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே ஊட்டுக்குக் கெளம்பிடு."

ஆனால் ஆர்டர் விவரமெல்லாம் மெயிலில்தான் வருகிறது. போன் திரையில் ஜரிகைப் புள்ளியை எப்படி எண்ணுவது? ஒரு பென்டிரைவில் போர்ட்டபிள் பிரவுசரைப் போட்டுக்கொண்டேன். சொருகினால் திறக்கும். பார்த்தது, படித்தது எல்லாம் பென்டிரைவுக்குள்ளேயே தங்கிவிடும். பிடுங்கினால் கம்ப்யூட்டரில் தடயமே இருக்காது. முதலாளி சாப்பிடப் போகும் அரை மணி நேரம் எனக்குப் போதும். பெரிய சாமர்த்தியசாலி என்று என்னைப் பற்றி எனக்கே நினைப்பு.

அப்போது கையில் இருந்தது சேத்துப்பட்டுப் பெண் ஒருத்தியின் கல்யாணப் புடவை. முந்தியில் 'காவ்யா - ஹேமநாத்' என்று ஜரிகையில் பெயர் நெய்ய வேண்டும். அவளை நான் நேரில் பார்த்ததில்லை, மெயிலில்தான் பேச்சு. 'பேர் பக்கத்துல கிளி வைங்கண்ணா, மூக்கு மட்டும் செவப்பா' என்று எழுதுவாள். சனிக்கிழமை எழுதும்போது, செவ்வாய்க்கிழமை கடைசி ஓ.கே. சொல்கிறேன் என்றிருந்தாள். புதன் காலை முந்தி ஆரம்பம்.

பிப்ரவரி 11, செவ்வாய். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். இராஜமாணிக்கம் அண்ணனும் போயிருந்தார். 2.40க்கு போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுப் பென்டிரைவைச் சொருகினேன். 'கடைசியாகப் பிரவுசர் சரியாக மூடப்படவில்லை. பழைய பக்கத்தைத் திறக்கவா?' என்று கேட்டது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, முந்தின நாள் ஒழுங்காகத்தான் மூடினேன்.

சரி என்று அழுத்தினேன். மெயில் திறந்தது. காவ்யாதான்.

'அண்ணா, முந்தியில என் பேர் வேணாம். எடுத்துடுங்க.'

கல்யாணத்தில் ஏதோ தகராறு போல என்று நினைத்தேன். போனில் அதே இன்பாக்ஸைத் திறந்தேன். அந்த மெயில் அங்கே இல்லை. கடைசியாக இருந்தது சனிக்கிழமை மெயில்தான்.

2.43. திரையில் இன்னொன்று வந்தது.

'பேர் நெய்ஞ்சீங்கன்னா நான் வந்துதான் ஆவணும்ணா.'

போனில் பார்த்தேன். இல்லை.

அப்போதுதான் கேட்டது.

டடக்... டடக்...

பக்கத்து அறைத் தறி.

எட்டிப் பார்த்தேன். ஆள் இல்லை. மிதிக்கட்டை மட்டும் இறங்கி ஏறியது.

ஓடிவந்து பென்டிரைவைப் பிடுங்கினேன்.

விண்டோ மூடவில்லை.

பென்டிரைவ் என் உள்ளங்கையில்தான் இருந்தது. திரையில் எழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது...

வே...

ணா...

ம்...

2.51. வாசலில் முதலாளியின் பைக் சத்தம். தறி நின்றது. விண்டோவும் மறைந்தது.

"இன்னா பாலு, இப்டி வேர்த்துகினு இருக்குது?"

"கரண்ட் இல்லீங்க."

"ஃபேன் ஓடிகினு தான இருக்குது?"

சாயந்திரம் ஆர்டரில் இருந்த காவ்யாவின் நம்பருக்கு மூன்று முறை போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், எங்கே பார்த்தாய் என்பார். போனிலும் இல்லாத மெயிலை எதில் காட்டுவது? பென்டிரைவைத்தான் காட்ட வேண்டும். எனக்கு வேலை வேண்டும். வாயை மூடிக்கொண்டேன். புதன் காலை 'காவ்யா' தறியில் ஏறியது.

ஏப்ரலில் புடவை வாங்க அந்தப் பெண்ணின் அம்மா வந்தார். புடவையைத் தடவித் தடவி அழுதார்.

"பொண்ணு வண்டியில அடிபட்டுப் பூட்டாப்பா."

"எப்பங்கம்மா?"

"பிப்ரவரி பத்து. திங்கக்கெழம."

மெயில் வந்தது செவ்வாய்.

"சின்னவ கீதாவ அதே மாப்பிள்ளைக்கே குடுக்கறோம். அக்கா ஆசப்பட்ட பொடவையாச்சே, அவளே கட்டிக்கட்டும்."

முந்தியை வெட்டிவிடுங்கள் என்று சொல்லத் தொண்டை வரை வந்தது. பக்கத்தில் முதலாளி. அன்றும் நான் பேசவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

வைகாசியில் கல்யாணம் முடிந்தது. போன வாரம் அம்மாவும் கீதாவும் கடைக்கு வந்தார்கள். முந்திக் குஞ்சம் பிரிந்துவிட்டதாம். கீதா அதற்கு முன் இந்தக் கடைக்கு வந்ததே இல்லை. அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் செத்திருந்தது.

"அந்தப் பொடவ கட்டின நாள்லேர்ந்து, கீதான்னு கூப்ட்டா திரும்ப மாட்டேங்கறாப்பா. காவ்யான்னாதான் திரும்புறா."

அந்த மெயிலைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட. பென்டிரைவை மார்ச்சிலேயே சுத்தியலால் உடைத்து ஏரியில் போட்டுவிட்டேன்.

கீதா என் மேஜைக்கு வந்தாள். முந்தியை விரித்துக் கிளியின் சிவப்பு மூக்கைத் தடவினாள். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"ரெண்டு வாட்டி மெயில் போட்டேனேண்ணா... நீங்க பாத்தீங்கதான?"