வறுக்கும் அறையின் தாழ்ப்பாள்

ராயபுரத்தில் ஒரு காபிக்கொட்டைக் கடையின் பின்னறையில் என் கணவர் பல வருடங்கள் கொட்டை வறுத்தார். புகை வருகிறது என்று மாடிவீட்டுக்காரர்கள் சண்டை போட்டதால், முதலாளி அங்கிருந்த விசிறியைக் கழற்றி, ஜன்னலையும் அடைத்துவிட்டார். கணவருக்கு இழுப்பு வந்தது. வறுக்கும் புகையால் நுரையீரல் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். முதலாளியிடம் போய் அழுதேன்.

"ஊரே இந்த வாசனைய மோந்துகினு போவுது. உன் வூட்டுக்காரனுக்கு மட்டும் இன்னா கேடு?" என்று சிரித்தார்.

வேறு வழியில்லாமல் அந்த வேலைக்கு நானே போனேன். ஒருநாள் கொட்டையின் நிறம் பார்க்க முதலாளி உள்ளே வந்தார். வறுக்கும் டிரம்மிலிருந்து புகை பொங்கிக்கொண்டிருந்தது. நான் கதவைத் தாழிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றேன்.

"இன்னாம்மா பண்ற? தொற!"

"நல்ல வாசனதானே மொதலாளி? மோந்து பாருங்க."

அவர் இருமினார். எனக்கும் தொண்டை எரிந்தது, நகரவில்லை. "மூச்சு முட்டுது, வுட்ரும்மா" என்று கைகூப்பினார். அவர் தரையில் உட்கார்ந்த பிறகுதான் திறந்தேன்.

அன்றே வேலை போனது. ஆனால் அதே வாரம் மாடிக்கு மேல்வரை புகைக்குழாய் வைத்து, புது விசிறியும் மாட்டினாராம்.

நான் செய்தது பாவம் என்கிறாள் என் அக்கா. இருக்கலாம். வீட்டில் கணவர் இருமும்போதெல்லாம், இன்னும் கொஞ்ச நேரம் கதவைத் திறக்காமல் இருந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.